ஒலிம்பிக் வாய்ப்பு எப்படிக் கிடைக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு 16 விளையாட்டுகளில் 117 பேரை இந்தியா அனுப்பியது. தேசிய சாதனையாளர்கள் சிலருக்கே கடைசி நாள் வரை ஏன் இழுபறி, கோட்டா (ஒலிம்பிக் இடம்) வென்றவர் ஒருவர் என்றால் போனவர் எப்படி வேறொருவர் என்று இன்னமும் கடிதங்கள் வருகின்றன. ஒலிம்பிக் தகுதிக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு விளையாட்டின் சர்வதேச சம்மேளனமும் தனித்தனியாக விதி எழுதி, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியிடம் ஒப்புதல் வாங்குகிறது. ஒரு விளையாட்டில் பார்த்த விதியை வைத்து இன்னொன்றைக் கணக்குப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42 மீட்டர் தாண்டியவர். பாரிஸ் தகுதி வரம்பு 8.27 மீட்டர்தான். அப்படியிருந்தும் அவர் ஏன் தரவரிசையை நம்பிக் காத்திருக்க வேண்டியிருந்தது?
(வாசகர், தூத்துக்குடி)

தேதிதான் காரணம். நீளம் தாண்டுதல் உள்ளிட்ட பெரும்பாலான தடகளப் பிரிவுகளுக்குத் தகுதிக் காலம் 2023 ஜூலை 1 முதல் 2024 ஜூன் 30 வரை. ஜெஸ்வின் 8.42 தாண்டியது 2023 மார்ச் மாதம், கர்நாடகத்தின் விஜயநகரில். தேசிய சாதனையாக அது பதிவானது. ஆனால் ஒலிம்பிக் கணக்கில் அந்தத் தாண்டலுக்கு மதிப்பு பூஜ்யம். மும்முறை தாண்டுதலில் பிரவீண் சித்திரவேலுக்கும் இதே கதி. வரம்பு 17.22 மீட்டர். அவர் ஹவானாவில் 17.37 தாண்டியது 2023 மே மாதம். இரண்டு மாதம் தள்ளித் தாண்டியிருந்தால் அன்றைக்கே டிக்கெட் உறுதி. தமிழ்நாட்டின் இந்த இருவரும் கடைசியில் உலகத் தரவரிசை வழியாகத்தான் பாரிஸ் போனார்கள்.

முரளி ஸ்ரீசங்கரின் கதை நேர்மாறு. 2023 ஜூலையில் பாங்காக் ஆசிய தடகளத்தில் 8.37 தாண்டி, காலம் தொடங்கிய இரண்டே வாரத்தில் வரம்பைக் கடந்தார். 2024 ஏப்ரலில் முழங்கால் காயம், போகவே முடியவில்லை. அவர் வரம்பைக் கடந்திருந்தார் என்பதற்காக அந்த இடம் இன்னொரு இந்தியருக்கு மாறாது. தடகளத்தில் தனிநபர் தகுதி வீரரின் பெயரில் நிற்பது.

மாரத்தானுக்கும் நடைப் போட்டிக்கும் காலம் வேறு. மாரத்தானுக்கு 2022 நவம்பர் முதல் 2024 ஏப்ரல் வரை. நடைப் போட்டிக்கு 2022 டிசம்பர் 31-லேயே தொடங்கிவிட்டது. நீண்ட தூரப் போட்டியை ஒருவர் ஆண்டுக்குப் பத்து முறை ஓட முடியாது என்பதால் இந்தச் சலுகை. பயிற்சியாளர் முதலில் சுவரில் ஒட்ட வேண்டியது இந்தத் தேதிகளைத்தான். உச்ச வேகம் எந்த மாதத்தில் வர வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் திட்டமிட முடியும்.

தரவரிசையில் தேர்வு என்கிறார்கள். புள்ளி எப்படிச் சேருகிறது?
(தடகள வீராங்கனையின் தந்தை, சேலம்)

பாரிஸ் தடகளத்தில் சுமார் பாதி இடங்களை வரம்பைக் கடந்தவர்களுக்கும், மீதியைத் தரவரிசைக்கும் என்று திட்டமிட்டிருந்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் மொத்த இடம் முன்பே முடிவாகிவிடும். நீளம் தாண்டுதலுக்கு 32, தடை ஓட்டத்துக்கு 40. ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று பேர். வரம்பைக் கடந்தவர்களை முதலில் உட்கார வைத்துவிட்டு, மிஞ்சிய நாற்காலிகளைத் தரவரிசைப்படி நிரப்புவார்கள்.

தரவரிசைப் புள்ளி என்பது ஒரு சராசரி. பெரும்பாலான பிரிவுகளில் ஐந்து போட்டிகளின் சராசரி. ஒவ்வொரு போட்டிக்கும் இரண்டு பங்கு உண்டு: ஓடிய நேரத்துக்கு அல்லது தாண்டிய தூரத்துக்கு ஒரு புள்ளி, எந்தப் போட்டியில் எத்தனையாவது இடம் என்பதற்கு இன்னொரு புள்ளி. போட்டிகளை வகை பிரித்திருக்கிறார்கள். உலக சாம்பியன்ஷிப்பும் ஒலிம்பிக்கும் உச்சியில். கண்ட அளவிலான சாம்பியன்ஷிப்புகள் நல்ல உயரத்தில். தேசிய சாம்பியன்ஷிப் 'பி' வகை. அதற்குக் கீழே சி, டி, இ, எஃப் என்று இறங்கும். அடிவகைப் போட்டியில் முதலிடம் பிடித்தாலும் இடத்துக்கான புள்ளி சொற்பமே.

நம் ஆட்கள் சறுக்குவது இங்கேதான். உள்ளூரில் சிறிய போட்டிகள் பத்தில் ஓடி, எல்லாவற்றிலும் தங்கம் வாங்கியிருப்பார்கள். சராசரி நகர்ந்திருக்காது. ஏற்கெனவே உள்ள ஐந்தில் மிகக் குறைந்த ஒன்றைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும் அளவுக்குப் புதிய முடிவு இருந்தால்தான் எண் ஏறும். ஐந்து போட்டியே சேராதவருக்குத் தரவரிசையில் இடமே கிடையாது; நான்கு பிரமாதமான முடிவுகள் இருந்தும் பயனில்லை. ஆசிய சாம்பியன்ஷிப் போன்ற ஒரு வாய்ப்பைக் காயத்தால் தவறவிட்டால், அதை ஈடுகட்ட ஐரோப்பாவில் இரண்டு மூன்று நல்ல போட்டிகளுக்குப் போக வேண்டிவரும். விசா, பயணச் செலவு, நுழைவு அனுமதி எல்லாம் அப்போது சேர்ந்து நெருக்கும்.

ஜோதி யாராஜியைப் பாருங்கள். 100 மீட்டர் தடை ஓட்டத்துக்கு வரம்பு 12.77 விநாடி. 2023 ஆகஸ்டில் செங்டுவில் 12.78. 2024 மே மாதம் பின்லாந்தில் மறுபடியும் 12.78. நூற்றில் ஒரு விநாடி. முடிவுக்கோட்டுக் கேமரா ஆயிரத்தில் ஒரு விநாடி வரை படிக்கும். ஆனால் பதியும்போது எப்போதும் அடுத்த பெரிய நூற்றில் ஒன்றுக்கு ஏற்றிவிடுவார்கள். 12.771 ஓடினாலும் பலகையில் 12.78 என்றுதான் வரும். அவருக்குத் தரவரிசை கைகொடுத்தது. இதே 12.78 டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு ஓடியிருந்தால் நேரடித் தகுதி. அப்போது வரம்பு 12.84. வரம்பு ஒவ்வொரு முறையும் இறுகிக்கொண்டே போகிறது. ஆண்கள் ஈட்டி எறிதலில் 85.00 மீட்டர் 85.50 ஆனது, நீளம் தாண்டுதலில் 8.22 என்பது 8.27 ஆனது. பழைய பட்டியலை வைத்துப் பிள்ளைகளுக்கு இலக்கு நிர்ணயிக்கக் கூடாது.

எங்கள் மாவட்டத்தில் நடத்தும் போட்டியில் ஒருவர் வரம்பைக் கடந்தால் ஏற்றுக்கொள்வார்களா?
(உடற்கல்வி ஆசிரியர், தேனி)

உலக தடகள சம்மேளனத்தின் நாட்காட்டியில் அந்தப் போட்டி முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். முடிந்த பிறகு சேர்த்துக்கொள்ளச் சொல்லி மனுப் போடுவதில் அர்த்தமில்லை. அடுத்தது, நேரம் எடுக்கும் முறை. ஸ்டாப்வாட்ச் நேரம் செல்லாது. துப்பாக்கியோடு இணைந்த மின்னணு நேரக்கணிப்பும் முடிவுக்கோட்டுப் படமும் வேண்டும்.

காற்று பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; நல்ல முடிவுகள் வீணாவது பெரும்பாலும் இதில்தான். 100, 200 மீட்டர் ஓட்டங்கள், 100, 110 மீட்டர் தடை ஓட்டங்கள், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் ஆகியவற்றில் பின்னாலிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் தகுதி வரம்புக்கு அந்த முடிவை எடுக்க மாட்டார்கள். தாண்டும் போட்டிகளில் காற்றுமானியை ஓடுபாதையிலிருந்து 2 மீட்டருக்கு மிகாத தொலைவில், தாண்டுகோட்டுக்கு 20 மீட்டர் முன்னால், 1.22 மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும். நீளம் தாண்டுதலில் வீரர் பலகைக்கு 40 மீட்டர் தொலைவிலுள்ள குறியைக் கடந்ததும் அளக்கத் தொடங்கி 5 விநாடி அளக்க வேண்டும்; மும்முறை தாண்டுதலில் 35 மீட்டர் குறி. 100 மீட்டர் ஓட்டத்தில் 10 விநாடி, தடை ஓட்டங்களில் 13 விநாடி. ஒவ்வொரு தாண்டலுக்கும் தனி அளவு எழுத வேண்டும். உதவியாளர் ஒருவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் வந்த பெரிய தாண்டலுக்குக் காற்று அளவு இல்லையென்றால், பையன் அழுவதைத் தவிர வேறு வழியில்லை.

காலணியையும் பாருங்கள். 2024 நவம்பர் 1 முதல் மைதானத்துக்குள் நடக்கும் எல்லாத் தடகளப் பிரிவுகளுக்கும் அடிப்பாகத் தடிமன் அதிகபட்சம் 20 மில்லிமீட்டர். சாலை ஓட்டத்துக்கு வாங்கிய தடித்த அடிப்பாகக் காலணியோடு 5,000 மீட்டர் ஓடினால் முடிவு பறிபோகும்.

4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் நம் ஆண்கள் அணி முதல் நாள் ஓட்டத்தையே முடிக்கவில்லை. பிறகு எப்படித் தகுதி?
(கல்லூரி மாணவி, திருச்சி)

தொடர் ஓட்டத்துக்கு உலகம் முழுக்க 16 அணிகள்தான். அதில் 14 இடங்களை 2024 மே 4, 5 தேதிகளில் பஹாமாஸின் நாசாவ் நகரில் நடந்த உலக தொடர் ஓட்டப் போட்டியில் முடிவு செய்தார்கள். முதல் நாள் நான்கு ஹீட் (தனித்தனி ஓட்டம்). ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிக்குத் தகுதி. தமிழ்நாட்டின் ராஜேஷ் ரமேஷுக்குத் தசைப்பிடிப்பு வந்து பாதியில் நின்றதால் இந்தியாவின் ஓட்டம் முடியவில்லை. ஆனால் மறுநாள் இன்னொரு சுற்று உண்டு: மூன்று ஹீட், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணி. அனஸ், அஜ்மல், ஆரோக்கிய ராஜீவ், அமோஜ் ஜேக்கப் நால்வரும் 3 நிமிடம் 3.23 விநாடியில் அமெரிக்காவுக்கு அடுத்ததாக வந்தார்கள். ரூபல், பூவம்மா, ஜோதிகா ஸ்ரீ, நம் சுபா வெங்கடேசன் அடங்கிய மகளிர் அணி 3:29.35-ல் ஜமைக்காவுக்கு அடுத்த இடம். நான்கு பேர் மட்டும் விமானம் ஏறியிருந்தால் மறுநாள் ஓட ஆள் இருந்திருக்காது. ஐந்தாவது, ஆறாவது ஆளை வைத்திருப்பதன் அருமை அன்றைக்குத் தெரிந்தது.

துப்பாக்கி சுடுதலில் கோட்டா வென்றவரை விட்டுவிட்டு வேறொருவரை அனுப்புவது அநியாயம் இல்லையா?
(வாசகர், புதுக்கோட்டை)

வலிக்கிற விஷயம்தான். ஆனால் விதிப்படி அந்தக் கோட்டா வீரருடையது அல்ல, நாட்டுடையது. உங்கள் ஊர்க்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸில் டிராப் (பறக்கும் தட்டைச் சுடும்) பிரிவில் சுட்டார். அந்தப் பிரிவின் கோட்டாவை 2022 உலக சாம்பியன்ஷிப்பில் வென்று தந்தவர் பவுனீஷ் மெந்திரட்டா. பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்தியாவின் முதல் கோட்டாவே அதுதான். அதே ஆண்டு கெய்ரோவில் உலக சாம்பியனாகி 10 மீட்டர் ஏர் ரைஃபிள் கோட்டா வென்ற ருத்ராங்க்ஷ் பாட்டீலும் போகவில்லை. சந்தீப் சிங் போனார்.

2022-ல் வென்ற கோட்டாவுக்கும் 2024 ஜூலைக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு இடைவெளி. அன்றைய ஃபார்ம் இன்று இருக்குமா என்பதைச் சோதிக்கத்தான் தேர்வுப் போட்டி வைக்கிறார்கள். ரைஃபிள், பிஸ்டல் பிரிவுகளுக்கு 2024 ஏப்ரல், மே மாதங்களில் டெல்லியிலும் போபாலிலும் நான்கு தேர்வுகள் நடந்தன. அவற்றில் சிறந்த மூன்றின் சராசரியை எடுத்தார்கள். ஒரு மோசமான நாளை மன்னித்து, தொடர்ந்து நன்றாகச் சுடுபவரை மேலே கொண்டுவரும் முறை இது. மனு பாக்கர் 10 மீட்டர், 25 மீட்டர் இரண்டிலும் தேறி, பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். அதனால் இந்த முறையைக் குறை சொல்வது கடினம். எனினும் தேர்வு விதிகளைக் கோட்டா வேட்டை தொடங்கும் முன்பே எழுதி வெளியிட்டு, நடுவில் கை வைக்காமல் இருப்பது சம்மேளனத்தின் கடமை.

ஒரு நுட்பமும் உண்டு. மனு இரண்டு பிரிவுகளில் சுட்டதால் ஒரு கோட்டா மிச்சப்பட்டது. அந்த 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இடத்தை மகளிர் டிராப் பிரிவுக்கு மாற்றித் தரும்படி கேட்டு, சர்வதேச சம்மேளனமும் ஒப்புக்கொண்டது. ஷ்ரேயசி சிங் இந்தியாவின் 21-வது துப்பாக்கி சுடும் போட்டியாளரானது அப்படித்தான்.

குத்துச்சண்டையில் வென்ற கோட்டாவைத் திருப்பிக் கொடுத்ததாகப் படித்தேன். ஊக்கமருந்தா?
(வாசகி, மதுரை)

ஊக்கமருந்து எடுத்ததாகக் குற்றச்சாட்டே இல்லை. இருப்பிடத் தகவல் தராததுதான் சிக்கல். 57 கிலோ பிரிவில் பர்வீன் ஹூடா ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வென்ற கோட்டா, அவர்மீது வந்த இடைநீக்கத்தால் போனது. அதே எடைப் பிரிவை 2024 ஜூன் தொடக்கத்தில் பாங்காக் தகுதிப் போட்டியில் ஜாஸ்மின் லம்போரியா மீண்டும் வென்று கொடுத்தார்.

முன்னணி வீரர்கள் ஊக்கமருந்து சோதனைப் பட்டியலில் இருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டு தொடங்கும் முன்பே, ஒவ்வொரு நாளும் இரவு எங்கே தங்குவார்கள், எங்கே பயிற்சி எடுப்பார்கள் என்பதைப் பதிய வேண்டும். அதோடு காலை 5 மணி முதல் இரவு 11 மணிக்குள் ஏதாவது ஒரு மணி நேரத்தைக் குறித்து, அந்த நேரத்தில் இந்த முகவரியில் இருப்பேன் என்று எழுத வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறு சேர்ந்தால் விதிமீறல். இரண்டு ஆண்டு வரை தடை. முகாமை ஒருநாள் முன்னதாக முடித்து ஊருக்குக் கிளம்பும்போது முகவரி மாற்ற மறப்பது, அலாரம் சத்தத்தில் கதவு தட்டியது கேட்காமல் போவது, பயிற்சியாளரோ உறவினரோ பதிந்துவிடுவார் என்று விட்டுவிடுவது — வழக்கமாக நடப்பது இவைதான். வேறு யாரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு வீரருடையதே. குறிக்கும் நேரம் காலை எழுந்தவுடன் வீட்டிலேயே இருக்கும் நேரமாக இருப்பது பாதுகாப்பு.

மல்யுத்தத்தில் வினேஷ் போகட் ஏன் 53 கிலோவை விட்டு 50-க்கு இறங்கினார்?
(வாசகர், ஈரோடு)

53 கிலோ கோட்டாவை 2023 பெல்கிரேட் உலக சாம்பியன்ஷிப்பில் அந்திம் பங்கால் ஏற்கெனவே வென்றிருந்தார். ஒரு நாட்டுக்கு ஒரு எடைப் பிரிவில் ஒருவர்தான். அதனால் வினேஷ் 50 கிலோவுக்கு இறங்கி, 2024 ஏப்ரலில் பிஷ்கெக் ஆசியத் தகுதிப் போட்டியில் கோட்டா வாங்கினார். பாரிஸில் முதல் நாள் எடையில் தேறி, மூன்று பேரை வென்று இறுதிக்கு வந்தார். இரண்டாம் நாள் காலை 100 கிராம் கூடுதல். இரண்டு நாளும் எடை பார்ப்பார்கள். ஒரு நாள் தவறினாலும் போட்டியிலிருந்தே நீக்கி, கடைசி இடத்தில் வைப்பார்கள். உடல் இயல்பாக நிற்கும் எடையிலிருந்து வெகுவாக இறக்கினால், முதல் நாள் எடை பார்த்த பிறகு குடிக்கும் தண்ணீரும் சாப்பாடும் வேகமாக ஏறிவிடும். மறுநாளுக்குள் மீண்டும் இறக்க ஓர் இரவுதான் இருக்கும்.

அதே பிஷ்கெக் போட்டியில் தீபக் பூனியாவும் சுஜீத் கல்கலும் களத்தில் இறங்கவே இல்லை. ரஷ்யாவில் பயிற்சி முடித்து துபாய் வழியாக வரும்போது, அந்த ஏப்ரல் வெள்ளத்தில் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள். வந்து சேர்வதற்குள் எடை பார்க்கும் நேரம் முடிந்திருந்தது, அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. மே மாதம் இஸ்தான்புல் கடைசி வாய்ப்பிலும் இருவருக்கும் கிடைக்கவில்லை. அங்கே தகுதி பெற்ற அமன் செராவத்தான் பாரிஸுக்குப் போன ஒரே இந்திய ஆண் மல்யுத்த வீரர், வெண்கலத்தோடு திரும்பினார். தகுதிப் போட்டிக்கு நான்கைந்து நாள் முன்பே அந்த ஊரில் இருப்பதற்கு ஆகும் அறை வாடகையைச் செலவாகப் பார்க்கக் கூடாது.

பாட்மிண்டன், டென்னிஸ், பாய்மரப் படகு ஆகியவற்றில் எப்படி?
(வாசகர், கோவை)

பாட்மிண்டன் ஒற்றையரில் ஒரு நாட்டுக்கு ஒருவர். முதல் 16 இடத்துக்குள் இருவர் இருந்தால் இருவர். 2024 ஏப்ரல் இறுதிப் பட்டியலில் பிரணாய் 9, லக்‌ஷயா சென் 13. இருவரும் போனார்கள். டென்னிஸ் இரட்டையரில் முதல் பத்துக்குள் இருப்பவர் தன் ஜோடியைத் தேர்ந்துகொள்ளலாம். ரோகன் போபண்ணா உங்கள் கோவை ஸ்ரீராம் பாலாஜியைத் தேர்ந்தார். பாய்மரப் படகில் சென்னையின் நேத்ரா குமணன், 2024 ஏப்ரலில் பிரான்ஸின் இயேரில் நடந்த கடைசி வாய்ப்புப் போட்டியில், வளரும் நாடுகளுக்கென ஒதுக்கிய இடத்தைப் பிடித்தார்.

நீச்சலில் தகுதி நேரத்தை எட்டாதவர்களும் போகிறார்களே?
(வாசகர், யாழ்ப்பாணம்)

ஒரு நாட்டில் யாருமே தகுதி நேரத்தை எட்டாவிட்டால், உலக நீச்சல் புள்ளிப்படி சிறந்த ஆண் ஒருவரையும் பெண் ஒருவரையும் அனுமதிக்கும் ஒதுக்கீடு இருக்கிறது. பாரிஸுக்கு இந்தியாவின் ஸ்ரீஹரி நடராஜ், 14 வயது தினிதி தேசிங்கு இருவரும், இலங்கையின் கைல் அபேசிங்க, கங்கா செனவிரத்ன இருவரும் இப்படித்தான் போனார்கள். இதற்கும் நிபந்தனை உண்டு: 2023 அல்லது 2024 உலக சாம்பியன்ஷிப்பில் நீந்தியிருக்க வேண்டும். நாட்டிலேயே அதிவேகமானவராக இருந்தும் உலக சாம்பியன்ஷிப்புக்குப் போகாதவருக்கு இந்தக் கதவு திறக்காது.

என் மகளுக்கு 16 வயது. ஈட்டி எறிகிறாள். தகுதி வரம்பை எட்டினால் ஒலிம்பிக்கிற்கு அனுப்புவார்களா?
(தாய், விருதுநகர்)

எறிதல் போட்டிகளில் 16, 17 வயதினரை ஒலிம்பிக் தடகளத்தில் சேர்ப்பதில்லை. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 18 நிறைந்திருக்க வேண்டும். பாரிஸுக்கு 2006 அல்லது அதற்கு முன் பிறந்தவர்கள். 2028-க்கும் இதே விதி தொடர்ந்தால் 2010 அல்லது அதற்கு முன் பிறந்தவர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட பெண்கள் எறிவது 500 கிராம் ஈட்டி. ஒலிம்பிக்கில் 600 கிராம். பாரிஸ் வரம்பான 64.00 மீட்டர் 600 கிராம் ஈட்டிக்கானது. 500 கிராமில் எறிந்த தூரத்தை அதோடு ஒப்பிட்டு அவசரப்பட வேண்டாம். இப்போதே 600 கிராமுக்குத் தாவினால் தோளும் முழங்கையும்தான் முதலில் கெடும். வயதுப் பிரிவு ஈட்டியில் ஓட்டமும் எறியும் கோணமும் படியட்டும். 20 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுக்குப் போகும்போது எடை தானாகவே 600-க்கு மாறும். இந்திய தடகள சம்மேளனத்தின் அடையாள எண் இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியும் பெயரின் எழுத்தும் பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இந்த வாரமே சரிபாருங்கள்.